வரவேற்பறையில் ஒரு காடு

பெரிய இலைச் செடிகள் நகரத்து வீடுகளுக்குள் குடியேறிவிட்டன. அவற்றைச் சாகடிப்பது பெரும்பாலும் வறட்சியல்ல, வாஞ்சை.

ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்கு அருகே உள்ள கடியம் நாற்றுப் பண்ணைகளிலிருந்து புறப்படும் லாரிகளில் சரக்கு என்பது செடிகள்தான். நாட்டின் பல நகரங்களுக்கும் அவை பயணமாகின்றன. தில்லியின் சாலையோர நர்சரியில் இறங்கும் ஒரு செடி, லிஃப்டில் ஏறி, எட்டாவது மாடியில் சோபாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஓட்டை விழுந்த அகன்ற இலைகளுடன் மான்ஸ்டெரா, இதய வடிவ ஃபிலோடென்ட்ரான், பிடில் போன்ற இலைகொண்ட மேற்கு ஆப்பிரிக்க அத்தி. காலி பாட்டிலில் மணி பிளான்ட் வளர்த்துத் திருப்தியடைந்திருந்த நடுத்தர வர்க்கத்துக்கு 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு புதிய மோகத்தைப் பற்றவைத்தது. வெள்ளைத் திட்டு விழுந்த மான்ஸ்டெராவின் ஒரு துண்டுத் தண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

சோகம் பிறகுதான் தொடங்குகிறது. ஓர் இலை மஞ்சளாகிறது. பதறிப்போன குடும்பம் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை துவள்கிறது. துவண்டதைப் பார்த்து மறுபடியும் தண்ணீர்!

செடியின் பூர்வீகம் தெரிந்தால் இந்தத் தவறு நேராது. மான்ஸ்டெராவின் தாயகம் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மழைக்காட்டில் அது மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதன் உறவுக் கொடி ஒன்றை ஆராய்ந்து 1975இல் வெளியான ஆய்வு, விநோதமான ஒரு விஷயத்தைச் சொன்னது: இளங்கொடி வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஊர்கிறது. ஏனெனில் இருட்டு இருக்கும் இடத்தில்தான் பெரிய மரத்தின் அடி இருக்கிறது. மரம் கிடைத்ததும் கொடி மேலே ஏறுகிறது. ஏற ஏற இலை பெரிதாகிறது. பாட்டிலில் உள்ளங்கை அளவில் நின்றுவிடும் மணி பிளான்ட்டும் அப்படித்தான். பசிபிக் தீவிலிருந்து வந்த இந்தக் கொடி தோட்டத்து மரத்தில் ஏறினால், முழ நீள இலை விடுகிறது.

ஆகவே பெரிய இலை வேண்டுமென்றால் முதல் தேவை, பற்றிக்கொள்ள ஒரு கொம்பு. தென்னை நார் சுற்றிய கம்பு போதும், ஈரமாக இருக்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சம். 'நிழல் செடி' என்று விற்றாலும் காட்டு நிழல் வேறு, அறையின் மூலை வேறு. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் உத்தமம். மூன்றாவது, காற்றோட்டமான மண். வெறும் தோட்ட மண்ணை நிரப்பாமல் தேங்காய் மட்டைத் துண்டு, மரப்பட்டை, மக்கிய உரம் கலக்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை அவசியம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

வட இந்தியாவில் வேறு தொல்லைகளும் உண்டு. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் குளிர்காலத்தில் இந்தச் செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஹீட்டரும் ஏ.சி. காற்றும் நேராகப் பட்டால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரில் உப்பு அதிகம். மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதை ஊற்றக் கூடாது. இலையில் படியும் தூசியை ஈரத் துணியால் துடைத்தால் வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும், மாவுப்பூச்சியும் கண்ணில் படும்.

குழந்தைகளும் பூனை நாய்களும் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான், மணி பிளான்ட் எல்லாம் சேம்பின் சொந்தக்காரர்கள். கருணைக்கிழங்கில் நாக்கைக் காறச் செய்யும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றிலும் இருக்கின்றன. மென்றால் வாய் எரிந்து வீங்கும்.

'காற்றைச் சுத்தப்படுத்தும்' என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, மூடி முத்திரையிட்ட சிறு அறைகளில் நடந்தது. முந்தைய ஆய்வுகளை அலசிய 2019ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணக்குப்படி, சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றுப் பரிமாற்றத்துக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டும். நவம்பர் மாதத்துத் தில்லிப் புகைக்கு மணி பிளான்ட் மருந்தாகாது.

பிறகு எதற்கு இந்தப் பாடு? சுருண்ட குருத்து ஒன்று மெல்ல விரிவதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பதில்லை. விரிந்த இலை முந்தையதைவிடப் பெரிதா, சிறிதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பெரிதென்றால் அந்த வீடு செடிக்குப் பிடித்துப்போயிற்று. சிறிதென்றால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும்.