அம்மா தேடிய மாப்பிள்ளை!

"மணமகன் தேவை" என்ற விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்க்காதவர் யார்? பெண்ணைப் பெற்றவர்கள் கொடுப்பது வழக்கம். ஆனால் 2015-ம் ஆண்டு மே மாதம் மும்பையில் ஒரு தாய் கொடுத்த விளம்பரம் ஊரையே பேச வைத்தது. அவர் மணமகன் தேடியது மகளுக்கு அல்ல, மகனுக்கு!

தாயின் பெயர் பத்மா ஐயர். மகன் ஹரீஷ் ஐயருக்கு அப்போது வயது 36. தொண்டு நிறுவனத்தில் வேலை. அவர் மனம் நாடியது பெண்ணை அல்ல, ஆணை. அதற்காகப் பிள்ளை தனியாகவே இருக்க வேண்டுமா? தாயார் கிளம்பி விட்டார்.

மாப்பிள்ளைக்கு வயது 25 முதல் 40-க்குள் இருக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்க வேண்டும். சைவச் சாப்பாடு. பிராணிகளிடம் அன்பு. இதெல்லாம் சரி. சாதி தடையில்லையாம். ஆனாலும் ஐயராக இருந்தால் நல்லதாம்!

கோபமும் சிரிப்பும்

சில பத்திரிகைகள் சட்டத்தைக் காட்டி விளம்பரத்தை வாங்க மறுத்தன. ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்ற சட்டம் அப்போது இருந்தது. 'மிட்-டே' பத்திரிகை துணிந்து வெளியிட்டது.

'இதிலுமா சாதி?' என்று பலர் கோபித்தனர். வேடிக்கைக்காகச் சேர்த்தது என்றார் மகன். இருக்கட்டும், நம் வீட்டுத் தாய்மார்களை நன்றாக அறிந்தவர் எழுதிய வரி அது!

2018 செப்டம்பர் 6-ந் தேதி, அது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-ந் தேதி, இத்தகைய திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்து விட்டது.

எல்லாத் தாய்மாரும் பத்மா ஐயர் அல்லவே! பெற்றோர் ஒரு பெண்ணை அவள் தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் அடைத்து வைத்தனர். தோழி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனாள். 2025 மே மாதம் நீதிபதிகள் அந்தப் பெண்ணை விடுவித்தனர். கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை என்றும் கூறினர்.

இரண்டும் பெண் வீடு!

2022 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு பெண்களுக்குத் திருமணம் நடந்தது. ஒருவர் தமிழர், மற்றவர் வங்கதேசத்தவர். உறவினர் ஒதுக்கி விடுவார்களோ என்று தமிழ்த் தாய்க்கு முதலில் பயம். கடைசியில் இரு மணப்பெண்களும் தத்தம் தந்தை மடியில் அமர்ந்தனர். மாலை மாற்றிக் கொண்டனர்.

இங்கேதான் நமக்கு ஒரு சந்தேகம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் முதல் காப்பி மாப்பிள்ளை வீட்டாருக்கு. சூடு குறைந்தால் சம்பந்தியம்மாள் முகம் சுளிப்பார். இரண்டும் பெண் வீடு என்றால் முகம் சுளிப்பது யார்? கை கட்டி நிற்பது யார்? குடை பிடித்துக் காசி யாத்திரை கிளம்புவது யார்? சாஸ்திரிகளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு மட்டும் எளிது. கூறைப் புடவைக்குப் பெயர் தந்தது மயிலாடுதுறைக் கூறைநாடு. பட்டும் நூலும் கலந்து, கட்டம் போட்டு நெய்யும் புடவை. கல்யாணத்துக்கு ஒரு கூறை. மணப்பெண்கள் இருவர் என்றால் இரண்டு கூறை! நெசவாளிக்குக் கசக்குமா?

ஹரீஷுக்கு அம்மா தேடிய மாதிரி மாப்பிள்ளை அமைந்தால்தான் பாவம், ஒன்றுகூட விற்காது. வேட்டிக் கடைக்காரருக்குத்தான் யோகம்!