கையெழுத்துப் போடும் முன் காரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் மண் ஓடுதளங்களில் கார் பந்தயம் ஓட்டப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 'ஸ்ட்ரீட் ஸ்டாக்' போன்ற தொடக்கப் பிரிவில்தான் இறங்குகிறார்கள். 1978 முதல் 1988 வரை வந்த மான்டி கார்லோ போன்ற பழைய கார், உள்ளே ஓர் இரும்புக் கூண்டு, கொஞ்சம் துணிச்சல். நுழைவாயிலில் ஒரு தாளை நீட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

காயம்பட்டாலும் உயிரே போனாலும், ஓடுதளத்தாரின் கவனக்குறைவே அதற்குக் காரணமானாலும், வழக்குப் போட மாட்டேன் என்பதே அந்தத் தாளின் சாரம். பல மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்கின்றன. கடும் அலட்சியத்துக்கு இத்தகைய கையெழுத்து பொதுவாகக் காப்பாகாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. வர்ஜீனியாவிலும் லூசியானாவிலும் உடற்காயப் பொறுப்பை முன்கூட்டியே எழுதி வாங்குவது செல்லாது. மற்ற பல இடங்களில் உங்கள் உரிமை மிக மெலிந்தது. தாளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஓடுதளத்தின் விபத்துக் காப்பீடு எவ்வளவு தரும் என்று கேளுங்கள். உங்கள் சொந்தக் கார் காப்பீடு பந்தயத்துக்குப் பொதுவாகப் பொருந்தாது.

பரிசோதகர் பார்த்து அனுப்பிவிட்டாரே என்றும் நிம்மதி கொள்ள வேண்டாம். விதிப்புத்தகங்கள் பலவற்றில், இவ்விதிகளைப் பின்பற்றுவதால் பாதுகாப்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே உங்கள் உண்மையான பாதுகாப்பு உங்கள் பட்டறையில்தான் இருக்கிறது.

வேலையைப் பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றுவதில் தொடங்குங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும்; அதைச் சங்கிலியால் கட்டிக்கொண்டே கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பிறகு ஆக்சிலை மேலும் கீழும் முழுத் தூரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். எங்காவது இறுகிப் பிடித்தால், அதைத் தாங்கும் நான்கு கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கலாம், புஷ் கெட்டிருக்கலாம். இந்தக் கோளாறு இருக்கும்வரை எவ்வளவு விலை கொடுத்து ஷாக் அப்சார்பர் மாட்டினாலும் கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரிதான் திரும்பும்.

அடுத்து எடை. ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, பெட்ரோல் நிரப்பி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்த வேண்டும். இந்தக் கார்கள் இடப்பக்கமே திரும்புபவை. இடது பின்சக்கரத்தில் வலதைவிடக் கூடுதலாக உள்ள எடையைக் களத்தில் 'பைட்' என்கிறார்கள். அது கூடினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் ஊன்றி நிற்கும். மிதமிஞ்சினால் முன்பக்கம் திரும்ப மறுத்து, கார் வெளிச்சுவரை நோக்கிப் போகும். குறைந்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, நோட்டில் எழுதி வையுங்கள். புதியவருக்கு வேகமான காரைவிட, என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிகிற கார்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திருப்பத்தில் இடது பின்பக்கம் உயர, ஆக்சில் தொங்கும். விதி அனுமதித்தால் அங்கே ஒரு தடுப்புச் சங்கிலி போடுங்கள். இல்லையென்றால் அந்தச் சுமை முழுவதும் ஷாக்கின் மேல் விழும். அது உடைந்தால் ஸ்பிரிங்கே கழன்று விழலாம். எடைக்காகச் சேர்க்கும் ஈயக் கட்டிகளும் அப்படித்தான். குறைந்தது இரண்டு அரை அங்குல போல்ட், வெள்ளைப் பெயிண்ட், மேலே கார் எண் என்று பல அமைப்புகள் கேட்பதற்குக் காரணம் உண்டு: கழன்ற கட்டி பின்னால் வருபவரின் மேல் பாயும்.

பழைய கார் வாங்கும்போது ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று இருந்தால், பிறகு குறை சொல்லப் பொதுவாக இடமில்லை. ஆனால் தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தால் ஏமாற்று வழக்குக்கு வழியுண்டு. விற்பவரின் பேச்சை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆக்சில் கம்பிகளின் துளைகளை முந்தைய உரிமையாளர் நகர்த்தியிருந்தால், விதிமீறல் பழி உங்கள் மேல்தான் வரும். தகுதிநீக்கம் செய்தால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். ஆட்சேபத்துக்கு நேரமும் கட்டணமும் குறித்திருப்பார்கள். அதைத் தவறவிடக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால் உடைந்த பாகத்தை எறியாதீர்கள். ஓடுதளத்தாரோடு போட்ட கையெழுத்து, குறையுள்ள பாகம் செய்த நிறுவனத்தையும் காப்பாற்றிவிடும் என்று நீங்களாக முடிவுகட்டாமல், பாகம், பில், படங்களோடு வழக்கறிஞரிடம் போங்கள். தாமதிக்காமல் போங்கள், கென்டக்கி, டென்னசி மாநிலங்களில் உடற்காய வழக்குக்குப் பொதுவாக ஓராண்டுதான் அவகாசம்.