முகடுகளுக்குப் பெயர் சொல்லும் செயலி

நுழையும்முன்

காணும் பொருளுக்குப் பெயரிடுவது மனித இயல்பு. பெயர் அறிந்த பின்னரே பொருள் நமக்கு நெருக்கமாகிறது. தொலைவில் அலையலையாய் எழுந்து நிற்கும் மலைமுகடுகளைச் சுட்டி, 'இது இன்ன மலை' என்று சொல்லும் செயலிகள் இன்று திறன்பேசிகளில் இயங்குகின்றன. அவற்றின் பின்னால் இருநூறு ஆண்டுக்கால நில அளவையின் உழைப்பு உள்ளது. அவ்வறிவியலை விளக்குவது இப்பாடம்.

கண் செய்யும் பிழை

டார்ஜிலிங் நகருக்கு அருகே ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளது டைகர் ஹில் என்னும் குன்று. வானம் தெளிந்த விடியற்காலையில் அங்கிருந்து கஞ்சன்ஜங்காவைக் காணலாம். வடமேற்கே தொடுவானத்தின் விளிம்பில் சிறிய முகடுகள் சிலவும் தென்படும். அவற்றுள் உயரமாகத் தோன்றுவதே எவரெஸ்ட் என்று காண்போர் எண்ணக்கூடும். ஆனால், அவ்வாறு தோன்றுவது மக்காலு. எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர், மக்காலுவின் உயரம் 8,485 மீட்டர். உயரத்தில் குறைந்த மக்காலு, டைகர் ஹில்லுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அருகில் இருப்பதால் உயர்ந்து தோன்றுகிறது.

புவியின் வளைவும் இத்தோற்றத்திற்குத் துணைபுரிகிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் நிலப்பரப்பு நமது கிடைமட்டப் பார்வைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 785 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. 170 கிலோமீட்டர் தொலைவில் இவ்விறக்கம் 2,200 மீட்டரையும் தாண்டுகிறது. காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதால் இவ்விறக்கத்தின் ஒரு பகுதி ஈடுசெய்யப்படுகிறது. எனவே, ஒரு மலையின் தோற்றத்தை அதன் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொலைவு, புவியின் வளைவு, ஒளியின் விலகல் ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கண்ணால் இவற்றைக் கணக்கிட இயலாது, கணினியால் இயலும்.

செயலி அறிய வேண்டிய மூன்று

சுவிட்சர்லாந்தில் உருவான பீக்ஃபைண்டர் இவ்வகைச் செயலிகளுள் புகழ்பெற்றது. பயனர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள மலைகளின் விளிம்புகளை அது கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொரு முகட்டின் மேலும் பெயரையும் உயரத்தையும் எழுதிக் காட்டுகிறது. இத்தகைய செயலி மூன்று செய்திகளை அறிந்தாக வேண்டும். பயனர் எங்கே நிற்கிறார் என்பது முதலாவது. எத்திசை நோக்கி நிற்கிறார் என்பது இரண்டாவது. அவரைச் சுற்றியுள்ள நிலத்தின் மேடுபள்ளம் எத்தகையது என்பது மூன்றாவது.

முதற்செய்தியை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் தருகின்றன. இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. நிலத்தரவை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், கோபுர அலைவரிசை எட்டாத மலைப்பகுதியிலும் செயலி இயங்கும். இரண்டாம் செய்தியைத் திறன்பேசியினுள் உள்ள காந்தத் திசைகாட்டியும் சாய்வை உணரும் கருவிகளும் தருகின்றன.

மூன்றாம் செய்தி பெறுதற்கு அரியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எண்டெவர் என்னும் விண்ணோடம் பதினொரு நாள்கள் புவியைச் சுற்றிவந்தது. 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் முனையில் ஓர் ஏற்பி, ஓடத்தில் மற்றோர் ஏற்பி என இரண்டைக் கொண்டு, தரையில் பட்டுத் திரும்பிய ரேடார் அலைகளை அது பதிவுசெய்தது. இரு கண்களால் நாம் ஆழத்தை உணர்வதுபோல, இரு பதிவுகளின் வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரம் கணிக்கப்பட்டது. புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் மேடுபள்ளம் இவ்வாறு எண்களாயிற்று. 2014 முதல், ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளிக்கு ஒரு புள்ளி என்னும் நுட்பத்தில் இத்தரவு உலகெங்கும் வெளியிடப்பட்டது. மலைகாட்டும் செயலிகள் பயன்படுத்தும் தரவு வகைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

மறைவதும் தெரிவதும்

மூன்று செய்திகளும் கிடைத்தபின் கணக்கீடு தொடங்குகிறது. பயனர் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் ஒரு கற்பனைக் கோடு வரையப்படுகிறது. அக்கோட்டின் வழியே அமைந்த ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஏற்றக்கோணத்தில் தெரியும் என்பது, வளைவையும் ஒளிவிலகலையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. முன்னுள்ள புள்ளிகள் அனைத்தையும்விட ஒரு புள்ளியின் கோணம் மிகுதியாயின் அது கண்ணுக்குத் தெரியும்; குறைவாயின் முன்னுள்ள மேட்டின் பின் மறையும். எல்லாத் திசைகளிலும் இவ்வாறு கிடைத்த விளிம்புகளை இணைத்தால் முழுவட்டக் காட்சி உருவாகிறது. பிறகு முகடுகளின் பட்டியலிலிருந்து, மறையாதவற்றின் பெயர்கள் மட்டும் உரிய இடங்களில் பொறிக்கப்படுகின்றன.

பழைய கணக்கின் மறுபக்கம்

இக்கணக்கு புதியதன்று. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அதன் வழியில் அமைந்த பெரும் முக்கோண அளவைப் பணி வடக்கே இமயம் வரை வளர்ந்தது. சமவெளியில் பல இடங்களில் நின்று, தொலைவில் தெரிந்த முகடுகளின் கோணங்களை அளவையாளர்கள் குறித்தனர். அவ்வளவுகளைக் கொண்டு, 'பதினைந்தாம் முகடு' என்று எண்ணால் குறிக்கப்பட்டிருந்த சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852இல் கணித்தவர் வங்கத்துக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தர். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. இன்றைய அளவோடு ஒப்பிட, வேறுபாடு ஏறத்தாழ முப்பது அடியே. அன்று கோணத்திலிருந்து உயரத்தைக் கண்டனர். இன்று செயலி உயரத்திலிருந்து கோணத்தைக் காண்கிறது. இரண்டும் ஒரே வடிவியலின் இரு பக்கங்கள்.

கருவியின் எல்லைகள்

செயலியின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தகாது. அருகிலுள்ள இரும்புப் பொருள்கள் திசைகாட்டியை எளிதில் பிறழச் செய்யும். திசையில் ஒரு பாகை பிழைத்தால், 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,750 மீட்டர் விலகல் ஏற்பட்டு, ஒரு முகட்டின் பெயர் அடுத்த முகட்டின்மேல் அமர்ந்துவிடும். நன்கறிந்த ஒரு முகட்டோடு கோட்டோவியத்தைப் பொருத்திப் பார்த்து இப்பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலும், 30 மீட்டர் இடைவெளித் தரவில் கூரிய முகடுகள் மழுங்கிவிடுகின்றன. கண்முன் நிற்கும் மரத்தையோ சூழும் மூடுபனியையோ அத்தரவு காட்டுவதில்லை. மலையின் பெயரைச் சொல்வதாலேயே செயலி வழித்துணை ஆகிவிடாது. பாதையை நன்கறிந்த உள்ளூர் வழிகாட்டியின் இடத்தை அதனால் நிரப்ப இயலாது.

யார் இட்ட பெயர்?

உயரத்தை ரேடார் அளக்கலாம். பெயரை அது அறியாது. முன்னர் நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் பதினைந்தாம் முகட்டிற்கு 1865இல் சூட்டப்பட்டது. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்று வழங்குகின்றனர்; நேபாளத்தில் அது சகர்மாதா. பாரியின் பறம்புமலை இன்று பிரான்மலை என வழங்குகிறது. ஒரு மலைக்குப் பல பெயர்கள் இருக்கும்போது, தரவுப் பட்டியலில் ஏறிய பெயரே திரையில் தோன்றும். ஏறாத பெயர் மெல்ல வழக்கொழியும்.

2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓபன்ஸ்டிரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்களில் தன்னார்வலர்கள் இடப்பெயர்களைச் சேர்க்க இயலும். தம் ஊரின் குன்றுகளுக்கும் பாறைகளுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, பலரிடம் சரிபார்த்து, அவ்வரைபடங்களில் பதிவு செய்வது மாணவர்களால் ஆகக்கூடிய பணி. ஆடு மேய்ப்போரும் தேன் எடுப்போரும் நாவில் காத்துவந்த பெயர்கள் அவ்வாறே அடுத்த தலைமுறையின் திரையை எட்டும்.