இணையவழி இசையும் இசைவாணரின் வருவாயும்: பங்கீட்டு முறை குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

இசையைத் தொழிலாகக் கொண்டோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கியம் பழையதொரு விடையைத் தந்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் வறுமையில் உழலும் மற்றொரு கலைஞனைத் தனக்கு வழங்கிய புரவலனிடம் வழிப்படுத்துவதாக அமைந்தவை. கொடுப்போன் யார், பெறுவோன் யார், கொடுக்கப்படுவது யாது என்பன அங்கு வெளிப்படையாக உள்ளன. இன்றைய இணையவழி இசையுலகில் நிலைமை வேறு. கேட்பவர் பணம் செலுத்துகிறார். பாடியவர் பணம் பெறுகிறார். ஆயினும் முன்னவரின் பணம் பின்னவரைச் சென்றடையும் வழியை இருவருமே அறியார்.

இணையத்தின்வழி இசைவாணர் நியாயமான வருவாய் ஈட்ட இயலுமா என்பதைத் தமிழ் இசைச் சூழலில், சிறப்பாக மலேசியத் தமிழ்த் தனியிசைப் பாடல்களை மனத்திற்கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஒரு பாடல் எத்தனைமுறை கேட்கப்பட்டது என்பது மட்டும் அதனைப் படைத்தவரின் வருவாயை முடிவு செய்வதில்லை. திரண்ட பணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, உரிமை யாரிடம் உள்ளது, படைத்தவரின் பெயர் எவ்வாறு பதிவாகியுள்ளது என்னும் மூன்றும் அதனை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. விற்பனையிலிருந்து கேட்புக்கு

1999ஆம் ஆண்டில் தோன்றிய நாப்ஸ்டர், பாடல்களை இலவசமாகப் பகிரும் வழியைத் திறந்தது. நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2001இல் அது முடங்கியது. 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் தொடங்கி, ஒரு பாடலை 99 அமெரிக்கக் காசுக்கு விற்றது. இஃது இணையவழி நடந்ததேனும் பழைய வணிகத்தின் தொடர்ச்சியே. பாடல் ஒரு பொருள். அதற்கு ஒரு விலை உண்டு. வாங்கியவர் ஒருமுறை பணம் கொடுத்தார்.

2008இல் சுவீடனில் தொடங்கப்பெற்ற ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் இந்நிலையை மாற்றின. இச்சேவை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2013இலும் இந்தியாவுக்கு 2019இலும் வந்தது. இங்குப் பாடல் விற்கப்படுவதில்லை. மாதச் சந்தா செலுத்தியவரோ விளம்பரங்களை ஏற்றுக்கொண்டவரோ சேவையிலுள்ள எப்பாடலையும் கேட்கலாம். ஒவ்வொரு முறை கேட்பதும் ஒரு 'கேட்பு' எனக் கணக்கிடப்படுகிறது.

ஒரு கேட்புக்கு இவ்வளவு என விலை குறிக்கப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிலையான விலை ஏதுமில்லை. சேவை நிறுவனம் தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு எஞ்சியதை உரிமையாளர்களுக்கு அளிக்கிறது. அத்தொகையை மொத்தக் கேட்புகளால் வகுக்கும்போது கிடைப்பதே கேட்புவிகிதம். 0.003 முதல் 0.005 அமெரிக்க டாலர் வரை எனப் பரவலாகக் குறிக்கப்படும் மதிப்பீடு இத்தகைய வகுத்தலின் விளைவேயாகும். சந்தா குறைவாக உள்ள நாட்டிலும் இலவசமாகக் கேட்போர் மிகுந்த நாட்டிலும் இவ்விகிதம் இன்னும் தாழும். தமிழ்ப் பாடல்களைக் கேட்போரில் பெரும்பாலோர் இந்தியாவில் வாழ்வதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும்.

கணக்கின் எளிமைக்காக ஒரு கேட்புக்கு 1 சென் எனக் கொள்வோம். மலேசியாவில் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதனை ஈட்ட ஒருவருக்கு மாதந்தோறும் 170,000 கேட்புகள் தேவை. நால்வர் கொண்ட குழுவுக்கு 680,000 கேட்புகள் தேவை. மலேசிய இந்தியரின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சம். கைக்குழந்தை முதல் முதியோர் வரை மூவருள் ஒருவர் ஒவ்வொரு மாதமும் அக்குழுவின் பாடலை ஒருமுறையேனும் கேட்டால்தான் நால்வரும் குறைந்தபட்சச் சம்பளத்தை எட்டுவர். இடையில் வேறெவரும் பங்கு பெறவில்லை என்னும் கற்பனையின்மேல் எழுந்த கணக்கு இது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

2. பொதுத்தொகுதிப் பங்கீடு

சிறுபான்மை மொழி இசைக்கு எழும் இடர்ப்பாடு எண்ணிக்கையோடு முடிவதில்லை; பங்கீட்டு முறையிலும் அது தொடர்கிறது. பெரும்பாலான சேவைகள் சந்தாக்காரர் அனைவரின் பணத்தையும் ஒரே தொகுதியாகத் திரட்டி, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொருவரும் பெற்ற விகிதத்திற்கேற்பப் பகிர்கின்றன. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

ஒரு சேவைக்கு இரு சந்தாக்காரர் மட்டுமே உள்ளனர் என்றும், சேவையின் பங்கு போக இருவரிடமிருந்தும் தலா 10 ரிங்கிட் தொகுதியில் சேர்கிறது என்றும் கொள்வோம். முதலாமவர் ஒரு தமிழாசிரியர். அவர் மாதத்தில் 50 கேட்புகளை மேற்கொள்கிறார். அனைத்தும் ஒரே மலேசியத் தமிழ்ப் பாடகரின் பாடல்கள். இரண்டாமவர் ஆங்கிலப் பாடல்களை 950 முறை கேட்கிறார். தொகுதி 20 ரிங்கிட். மொத்தக் கேட்புகள் 1,000. ஒரு கேட்புக்கு 2 சென். தமிழ்ப் பாடகருக்குக் கிடைப்பது 1 ரிங்கிட் மட்டுமே. ஆசிரியர் செலுத்திய பணத்தில் எஞ்சிய 9 ரிங்கிட், அவர் ஒருமுறையும் கேட்டிராத பாடகர்களைச் சென்றடைகிறது.

இதற்கு மாற்றாக, ஒவ்வொருவரின் பணத்தையும் அவரவர் கேட்ட பாடகர்க்கே பகிரும் முறை முன்வைக்கப்பட்டுள்ளது. சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021இல் தனியிசைக் கலைஞர்க்கு இத்தகைய முறையை அறிமுகப்படுத்தியது. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் இம்முறையின்படி தமிழ்ப் பாடகருக்கு 10 ரிங்கிட் முழுமையாகக் கிட்டும். எனினும் இதனை அருமருந்தாகக் கருதுதல் பொருந்தாது. பிரான்சின் தேசிய இசை மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையால் உச்சநிலைக் கலைஞரின் பங்கு குறையும் எனினும், கீழ்நிலையிலுள்ள பல்லாயிரவருள் ஒவ்வொருவரும் பெறும் கூடுதல் தொகை சிறிதே எனக் காட்டியது. பற்றுமிக்க கேட்போரைத் தனியே உடைய கலைஞரே இதனால் பெரிதும் பயனடைவர். மலேசியத் தமிழ் இசை அத்தகையதா என்பது ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

நடைமுறையில் நிகழ்ந்த மாற்றம் வேறு திசையில் சென்றுள்ளது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பாடல்களுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை வழங்குவதில்லை. ஒரு பாடலின் அளவில் இழப்பு மிகச் சிறிது. ஆயினும் ஐம்பது, அறுபது பாடல்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் சில நூறு கேட்போரை மட்டுமே பெற்ற கலைஞர்க்கு இவ்விதி கதவடைப்பாகவே அமைகிறது.

3. உரிமையும் ஒப்பந்தமும்

சேவையிலிருந்து வெளியேறும் பணம் நேரே கலைஞரை அடைவதில்லை. ஒரு பாடலில் இருவகை உரிமைகள் அடங்கியுள்ளன. பாடல்வரியும் மெட்டும் சேர்ந்த படைப்புரிமை ஒன்று. அதனைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவுரிமை மற்றொன்று. மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பில் இடம்பெற்ற 'மடை திறந்து', 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா இசையமைத்த பாடலை அடியொற்றியது. இத்தகைய பாடலின் ஒலிப்பதிவு புதியது. அதன் மூலமெட்டோ பழையது. எனவே ஒரே கேட்பு இருவகை உரிமையாளரைத் தொடுகிறது. பொதுவாகச் சேவை வழங்கும் தொகையில் பெரும்பகுதி ஒலிப்பதிவு உரிமையாளரையும் சிறுபகுதி படைப்புரிமையாளரையும் சேர்கிறது.

இந்தியத் திரையிசையில் படைத்தவர்க்கு நீண்டகாலம் உரிமையே இல்லாதிருந்தது. மாறான ஒப்பந்தம் இல்லாவிடத்துத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்னும் நிலையை இந்திய உச்சநீதிமன்றம் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டமே இதனை ஓரளவு சீர்செய்தது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் சமபங்கு பெறுவர் என்றும், அவ்வுரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க இயலாது என்றும் அச்சட்டம் வகுத்தது.

திரையுலகுக்கு வெளியே இயங்கும் கலைஞரும் ஒப்பந்தத்தின் பிடியிலிருந்து விடுபட்டவர் அல்லர். 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' இதற்குத் தக்க சான்று. அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த இப்பாடல் யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது. வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் எனச் சந்தோஷ் நாராயணன் 2022இல் அறிவித்தார். 2024 மார்ச்சில் அவரே, இப்பாடலால் தங்களுக்கு அதுவரை எவ்வித வருவாயும் வரவில்லை எனப் பொதுவெளியில் தெரிவித்தார். இக்கூற்றின் சட்டநிலையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கலைஞர்கள் தமக்குள் எத்துணை நேர்மையாகப் பங்கிட்டுக்கொண்டாலும், பணத்தைத் திரட்டும் இடத்தில் கணக்குக் கேட்கும் வலிமை இல்லையெனில் சமபங்கும் பயன்தராது என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. பெயர்ப்பதிவு

பலரும் கவனியாத மற்றொரு கூறு, பாடலோடு இணைத்துப் பதியப்படும் விவரமாகும். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 இலக்கக் குறியீடும், ஒவ்வொரு படைப்புக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்னும் தனிக்குறியீடும் உண்டு. படைப்புரிமைத் தொகையைத் திரட்டிப் பகிரும் அமைப்புகளாக மலேசியாவில் 1989இல் தோன்றிய எம்.ஏ.சி.பி.யும் சிங்கப்பூரில் 1987இல் தோன்றிய கம்பாஸும் இயங்குகின்றன. படைத்தவரின் பெயர் இவற்றில் சரியாகப் பதிவாகாவிடின் பணம் திரண்டும் உரியவரை அடையாது. அமெரிக்காவில் 2021 பிப்ரவரியில், உரியவர் இனங்காணப்படாமையால் தேங்கிக் கிடந்த 42 கோடியே 40 இலட்சம் டாலரை இசைச்சேவை நிறுவனங்கள் இதற்கென அமைந்த உரிமத்தொகை அமைப்பிடம் ஒப்படைத்தன. சிக்கலின் அளவை இத்தொகையே உணர்த்தும்.

தமிழ்ப் பெயர்கள் இவ்வகையில் கூடுதல் இடர்க்குள்ளாகின்றன. நம் பெயர்மரபில் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரோ அதன் தலையெழுத்தோ வரும். படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டைக் கேட்கின்றன. மேலும், 'ழ'கரம் உரோமன் எழுத்தில் ஓரிடத்தில் 'எல்' எனவும் மற்றோரிடத்தில் 'இசட் எச்' எனவும் எழுதப்படுகிறது. குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் மறைகிறது. ஒரே கவிஞர் கணினிக்கு மூவராகத் தோன்றலாம். மூவர் ஒருவராகவும் மயங்கலாம்.

கணினியின் மயக்கம் மரபிசையையும் விட்டுவைக்கவில்லை. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகள் எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டவை அல்ல. ஆயினும் பெருந்தொற்றுக் காலமான 2020இல் கருநாடக இசைக்கலைஞர்கள் இணையத்தில் நேரலையாகப் பாடியபோது, பழைய ஒலிப்பதிவொன்றோடு ஒத்திருப்பதாகத் தானியங்கி முறை கருதியதால் நிகழ்ச்சிகள் தடைப்பட்டன. ஒரே கீர்த்தனையை ஒரே இராகத்தில் ஒரே தாளத்தில் பலர் பாடுவது நம் மரபு; அதனை உணராத கருவி, மரபைப் படியெடுப்பாகக் காண்கிறது.

5. நேரடி ஆதரவு

மேற்கண்ட தடைகளைக் கடக்க, கேட்போரிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் வழிகளும் உருவாகியுள்ளன. 2008 முதல் இயங்கும் பேண்ட்கேம்ப் தளம், இணையவழிப் பாடல் விற்பனையில் 15 விழுக்காட்டைத் தன் கட்டணமாகக் கொள்கிறது. சென்னைச் சபாக்கள் ஒன்றிணைந்து 2020ஆம் ஆண்டு மார்கழி விழாவைக் கட்டண முறையில் இணையத்தில் நடத்தின. புலம்பெயர்ந்த மாணவர்க்கு இணையவழிப் பாடம் நடத்துவது கருநாடக இசைக்கலைஞர் பலர்க்கு நிலையான துணை வருவாயாக உள்ளது.

இவ்வழிக்கும் கேட்புவழிக்கும் உள்ள இடைவெளியை எண்களே புலப்படுத்தும். மாதந்தோறும் 200 பேர் தலா 10 ரிங்கிட் கொடுத்துப் பாடலை வாங்கினால் 2,000 ரிங்கிட் சேரும். அதில் 15 விழுக்காடு போக எஞ்சுவது 1,700 ரிங்கிட். பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. முன்னர்க் கண்ட 170,000 கேட்புகளுக்கு இந்த 200 பேர் ஈடாகின்றனர். எனினும் மாதந்தோறும் வாங்கும் 200 பேரைத் தேடிக்கொள்வது எளிதன்று. முன்பே பெயர் பெற்றவர்க்கு இவ்வழி எளிது, புதியவர்க்கு அரிது. பழைய ஆற்றுப்படையில் வழிகாட்டியவன் மற்றொரு கலைஞன். இன்று எப்பாடலைக் கேட்பது என வழிகாட்டுவது பெரும்பாலும் சேவையின் பரிந்துரைப் பட்டியல். அதற்குப் புதியவரின் வறுமை தெரியாது.

முடிவுரை

இணையவழிக் கேட்பை மட்டும் நம்பி மலேசியத் தமிழ் இசைவாணர் நியாயமான வாழ்வு நடத்துவது இன்றைய பங்கீட்டு முறையில் பெரும்பாலோர்க்கு இயலாது. மேடை, கற்பித்தல், நேரடி விற்பனை ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு துணை வருவாயாகவே அது அமையும். அத்துணை வருவாயும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டவர்க்கும் பெயரைச் செம்மையாகப் பதிந்தவர்க்குமே வாய்க்கும்.

பங்கீட்டு முறையை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆயினும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆசிரியர்களும் ஆற்றக்கூடிய பணிகள் உள்ளன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடல்களுக்குக் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், ஆண்டு ஆகிய விவரங்களைத் தமிழ் எழுத்திலும் ஒரே சீரான உரோமன் எழுத்திலும் தொகுக்கும் அடைவு ஒன்று உருவாக்கப்பட வேண்டும். மூத்த கவிஞர் பலரின் பாடல்கள் ஒலிநாடாக்களிலும் வானொலிப் பதிவுகளிலும் உள்ளன. அவை இணையத்தில் ஏறும்போது இயற்றியவர் பெயர் விடுபட்டுப்போதல் எளிது. வகுப்பறையில் ஒரு பாடலைப் பயன்படுத்தும் ஆசிரியர் அதனை எழுதியவர் பெயரையும் மாணவர்க்குச் சொல்லலாம். பள்ளி விழாவுக்கு வேண்டிய பாடலைக் கலைஞரிடமே விலைகொடுத்துப் பெறலாம். ஒரு பாடலை இருபது முறை கேட்பதால் கலைஞர் பெறுவது சில சென். ஒருமுறை வாங்குவதால் பெறுவது சில ரிங்கிட். இவ்வேறுபாட்டைக் கேட்போர் அறிதலே நியாயமான வருவாய்க்கான முதற்படியாகும்.