இரண்டு சைலன்சருக்கு நடுவே ஒரு பாலம்

இரட்டைச் சைலன்சர் வண்டிகளில் இரு புகைக்குழாய்களையும் இடையில் இணைக்கும் குட்டைக் குழாய்தான் குறுக்குக்குழாய். இதன் வேலையைப் புரிந்துகொள்ள, சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகி 2018-இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 நல்ல உதாரணம். 648 சிசி, இரண்டு சிலிண்டர், 270 பாகை கிராங்க். முதல் சிலிண்டர் வெடித்து, கிராங்க் 270 பாகை சுழன்றதும் அடுத்தது வெடிக்கும். பிறகு 450 பாகை காத்திருப்பு. இந்த வண்டி மெதுவாகப் போகையில் ‘டுடும்... டுடும்’ என்று கேட்பதற்கு இந்தச் சமமில்லாத இடைவெளிதான் காரணம்.

இப்படிப்பட்ட எஞ்சினில் குழாய்கள் தனித்தனியாக இருந்தால், ஒவ்வொரு சைலன்சருக்கும் தன் பக்கத்துப் புகை மட்டுமே கிடைக்கும். மீதி நேரம் அது சும்மா கிடக்கும். குறுக்கே குழாய் வைத்தால் ஒரு வெடிப்பின் அழுத்தம் இரு பக்கமும் பிரிந்து போகும். தடை குறையும், நடுத்தர வேகத்தில் இழுவை சற்றுக் கூடும். கொஞ்சம்தான், கைக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். குறுக்கிணைப்பின் வடிவமும் ஒலியை மாற்றும்: எச் வடிவ இணைப்பு ஒலியைக் கனமாக்கும். எக்ஸ் வடிவத்தில் இரு புகையோட்டமும் கலப்பதால் ஒலி வழவழப்பாகி, சற்றே உயர்ந்த சுருதியில் எழும். அதிவேகத்தில் பலனும் கூடுதல். இணைப்பின் கிளாம்ப் தளர்ந்தால், ஆக்சிலரேட்டரை விடும்போது ‘பட் பட்’ என்று வெடிக்கும். மூட்டைச் சுற்றிப் படிந்த கரி கசிவைக் காட்டிக்கொடுக்கும்.