முதிய தொழிலாளரும் நட்டஈட்டு உடன்பாடும்

இருவர் மனமொத்துச் செய்துகொண்ட உடன்பாட்டில் மூன்றாமவர் தலையிடுதல் முறையோ என வினவுவார் உளர். பொதுவான ஒப்பந்தச் சட்டம் அத்தலையீட்டை எளிதில் விரும்புவதில்லை. ஆயினும், வேலையிற் காயமுற்ற தொழிலாளியின் நட்டஈட்டு உடன்பாடு இதற்கு விலக்காய் நிற்கின்றது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தில் 1897 ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1923 ஆம் ஆண்டிலும் தோன்றிய சட்டங்களைத் தொடர்ந்து, இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. முதலாளியின் கவனக்குறைவை நிறுவவேண்டிய சுமையிலிருந்து இது தொழிலாளியை விடுவித்தது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததெனக் காட்டுதல் போதும். இங்கே நீதிமன்றத்தின் பணியை ஆற்றுபவர் நட்டஈட்டு ஆணையாளர். மொத்தத் தொகையொன்றுக்கு இருதிறத்தாரும் இசைந்தால், அவ்வுடன்பாட்டின் குறிப்பு அவரிடம் பதிவுசெய்யப்படல் வேண்டும். தொகை போதாதென்றோ, வஞ்சனையாலோ தகாத வற்புறுத்தலாலோ பெறப்பட்டதென்றோ கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். நட்டஈட்டுரிமையைத் துறக்கும் ஒப்பந்தமும் செல்லாது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் அரிசி ஆலையொன்றிலே 62 வயதினர் ஒருவர் இயந்திரப் பட்டியிற் சிக்கி விரல்களை இழந்தார் எனக் கொள்வோம். பல்லாண்டு வேலை கொடுத்த முதலாளி கையிற் சிறிது பணத்தை வைத்து, கடதாசியிற் பெருவிரல் அடையாளம் கேட்கின்றார். முதியவருக்கு வேறு வேலை கிடைப்பது அரிது. மருந்துச் செலவோ நாளைவரை பொறாது. முதலாளியைப் பகைத்தால் அங்கு உழைக்கும் மகனுக்கும் இடரே. அவர் இசைவது உண்மை, அவ்விசைவு சுதந்திரமானதன்று. ஆணையாளரின் தலையீடு இக்குறையை நிரப்புதற்கே ஏற்பட்டது.

முதுமை மற்றொரு வாதத்திற்கும் இடந்தருகின்றது. ‘இவர் இன்னும் எத்தனை நாள் உழைக்கப் போகின்றார்?’ என்பதே அது. இந்தியச் சட்டம் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இதனை ஒருவாறு ஏற்றுள்ளது. ஆங்கு நட்டஈட்டைக் கணக்கிடுங் காரணி 16 வயதில் 228.54 ஆகத் தொடங்கி 65 வயதில் 99.37 ஆக இறங்குகின்றது. இலங்கை அட்டவணையோ சம்பளத்தையும் காயத்தின் தன்மையையும் அடிப்படையாகக் கொண்டது. ஆதலின், வயதைச் சாட்டித் தொகையைக் குறைக்கும் உடன்பாட்டை ஐயத்தோடு நோக்குதலே பொருந்தும். மேலும், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. இதனை அறியாத தொழிலாளி பழைய சிறு தொகையையே பெரிதென எண்ணுவார்.

விசாரணை நீண்டால், முதியவர் பணத்தைக் காணாமலே மறைதல் கூடுமன்றோ என்பது நேர்மையான மறுப்பு. எனினும், அது பரிசீலனையை விரைவுபடுத்தற்குக் காரணமாகுமேயன்றி, அதனைக் கைவிடுதற்குக் காரணமாகாது.

படுவான்கரையிற் பங்குக்கு வேளாண்மை செய்வோரும், வாவியிற் பங்குக்குத் தோணி வலிப்போரும் சட்டத்தின் கண்ணில் ‘வேலையாள்’ ஆவரோ என்பது ஊழிய ஒப்பந்தம் உண்டோ என்பதைப் பொறுத்தது. அவர்தம் நிலை இன்னும் மெலிந்ததே.

சட்டம் காவல் வைத்துள்ளது. காவலனிடம் செல்லும் வழியை முதியவர் பலர் அறியார். பெருவிரல் வைக்குமுன் அக்கடதாசியை வாசித்துக் காட்டுதல் கற்ற பிள்ளைகள் தம் ஊருக்கு ஆற்றக்கூடிய எளிய தொண்டாகும்.