பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சுறாங்க, எட்டிப் பார்க்கலாம் வாங்க!

குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் பேறுகாலம் நெருங்கினால் அடுக்களைக்குத்தான் முதலில் தெரியும். நன்றாக விளைந்த தேங்காய்கள் வந்துசேரும், பரணிலிருந்து உருளி இறங்கும். பிறக்கப்போகும் பிள்ளையின் மேலுக்குத் தேய்க்க உருக்கெண்ணெய் காய்ச்சப்போகிறார்கள்! செக்கெண்ணெய்க்குக் கொப்பரையை ஆட்டவேண்டும். இதற்குப் பச்சைத் தேங்காயைத் துருவி, பால் பிழிந்து, அந்தப் பாலையே காய்ச்சி எடுக்கவேண்டும். புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டை விளைகிற மண்ணில் தேங்காய்க்கா பஞ்சம்?

உருளிப் பக்கம் போய் நில்லுங்கள். பால் கொதிக்கிறது, திரிகிறது, கசடு பொன்னிறமாகிறது, எண்ணெய் பிரிந்து படபடவென்று பொரிகிறது. என்ன வாசம்! கரண்டியை எடுக்கப் போனால் ஆச்சி விடமாட்டாள். “சத்தம் அடங்கட்டும் மக்ளே, அதுக்குள்ள இறக்காதே.” எண்ணெய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிற சத்தம் அது. சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது, எண்ணெயும் சீக்கிரம் காறாது. ஆச்சி காதாலேயே ஒரு தரச் சோதனை நடத்திவிட்டாள்!

அதே எண்ணெயை ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? அதே தண்ணீரைத்தான்! எடை போடுவார்கள், சூடாக்குவார்கள், மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடை ஈரத்தின் கணக்கு. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, அயோடின் மதிப்பு. எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்ற கணக்கு அது. சுத்தமான தேங்காயெண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரைதான் இருக்கவேண்டும். சூரியகாந்தி எண்ணெய்க்கு 100-ஐத் தாண்டும். யாராவது கொஞ்சம் கலந்திருந்தாலும் எண் எகிறிக் குதித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கடையில் விற்கிற பேபி லோஷன் பக்கம் வருவோம். அதில் பெரும்பங்கு தண்ணீர். அதனால்தான் கிருமியைத் தடுக்கும் மருந்து சேர்க்கவேண்டியிருக்கிறது. அந்த மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? லோஷனுக்குள் வேண்டுமென்றே கிருமியை விடுவார்கள்! ஒரு குப்பியில் ஈ.கோலை, இன்னொன்றில் ஸ்டெபிலோகாக்கஸ், வேறொன்றில் பூஞ்சை என்று தனித்தனியாக விட்டு, 28 நாள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். குறையவேண்டிய வேகத்தில் கிருமி குறையாவிட்டால் அந்த லோஷன் தேறாது. பெரியவர்களின் பொருளில் ஒரு கிராமுக்கு 1000 கிருமிவரை விடுகிற பன்னாட்டுத் தர அளவு, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொருளில் 100-ஐத் தாண்டவிடுவதில்லை.

ஏன் இவ்வளவு கறார்? பிள்ளையின் தோலில் மேலடுக்கு, பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ அதிகம். டயப்பர் கட்டும் இடத்தில் ஈரமும் உரசலும் சேர்ந்து தோல் இன்னும் இளகிவிடும். அதனால்தான் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் டயப்பர் பகுதியில் தடவி அப்படியே விடும் கிரீம்களில் புரோப்பில்பாராபென், பியூட்டில்பாராபென் என்ற கிருமித்தடுப்பு மருந்துகள் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடை செய்தது.

எரிச்சல் தருமா என்று சோதிக்க ஒரு காலத்தில் முயலின் தோலை மழித்துத் தடவினார்கள். அழகுப்பொருளை விலங்குகளில் சோதிப்பதை 2014-இல் இந்தியா தடை செய்தது. இப்போது ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த மனிதத் தோல், சின்னஞ்சிறு கிண்ணங்களில் காத்திருக்கிறது! அதன்மேல் பொருளைத் தடவிக் கழுவி, பிறகு மஞ்சள் சாயம் ஒன்றை விடுவார்கள். உயிரோடிருக்கும் செல்கள் மஞ்சளை ஊதாவாக்கும். ஊதா அடர்த்தியாக இருந்தால் தோல் பிழைத்தது. பாதிச் செல்களாவது பிழைக்காவிட்டால் அந்தப் பொருள் எரிச்சல் தரும் வகையில் சேரும்.

சோதனை சரியாக இருந்தால் போதாது, காலத்தோடும் நடக்கவேண்டும். 2022 செப்டம்பரில், ஒரு குழந்தைப் பவுடரின் அமில-கார அளவு வரம்பை மீறியதாகச் சொல்லி ஜான்சன் அண்ட் ஜான்சனின் முலுண்ட் ஆலை உரிமத்தை மகாராஷ்டிர அரசுத் துறை ரத்து செய்தது. அந்த மாதிரிகளை எடுத்ததோ 2018-இல். நீதிமன்றம் சொல்லிப் புதிதாகச் சோதித்த மாதிரிகள் தேறின. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. பவுடர் கெட்டதாக இருந்திருந்தால், இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் மேல் தூவியிருப்பார்கள்!

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஆபத்தும் உண்டு. பிள்ளைக்குப் பூச எடுக்கும், பளிச்சென்று மின்னுகிற மஞ்சள்தூளில் ஈயக் குரோமேட் கலந்திருக்கலாம். அதைப் பிடிக்கக் கருவிதான் வேண்டும். அழகுப்பொருள் நிறமிகளில் ஈயம் 10 லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. அந்த அளவை எந்த ஆச்சியாலும் முகர்ந்து சொல்லமுடியாது.

ஆனால் உங்கள் வீட்டிலேயே இன்று ஒரு சோதனை செய்யலாம். தேங்காயெண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஃபிரிட்ஜில் உறைபெட்டிக்கு வெளியே அரை மணி நேரம் வையுங்கள். தேங்காயெண்ணெய் உறையும், உறையாத எண்ணெய் கலந்திருந்தால் தனி அடுக்காக நிற்கும். வாங்கும் பொருளில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்; வாசனைச் சேர்மானம் இல்லாததை எடுங்கள். புதிதாக எதைத் தொடங்கினாலும் பிள்ளையின் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். குறைமாதப் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எண்ணெய்கூட வேண்டாம். ஆச்சியின் காதும் வேண்டும், ஆய்வகத்தின் கருவியும் வேண்டும். இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தாய்க்கும் உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்!